அப்பம்மாவின் அவ்ரோவும் பேரனின் அவ்ரோவும்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. ஒன்பது வயது மகனை வீட்டுக்குள் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹாரோவில் இருந்து ஹென்டன் விமானப்படை அருங்காட்சியகம் அவ்வளவு தூரமில்லை. அனுமதி இலவசம், எல்லாமே கூரைக்குக் கீழே. வீட்டில் தனிய இருக்க வேண்டாம் என்று சொல்லி அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மகன் நேராக ஓடியது லங்காஸ்டருக்கு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பறக்கவிட்ட நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம். வயிற்றுப் பக்கம் முழுக்கக் கறுப்பு. மூக்கின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் குண்டுப் படங்கள் வரிசை வரிசையாக வரைந்திருக்கிறது. ஒரு படம் என்றால் ஒரு தாக்குதல் பயணம். அந்த விமானம் 137 தரம் போய்த் திரும்பியது. மகன் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான். பிறகு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காட்டும் ஆசையில், அப்பம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினான்.

"அப்பம்மா, இது அவ்ரோ லங்காஸ்டர். இங்க அவ்ரோ வல்கனும் இருக்கு. அது இன்னும் பெரிசு."

அம்மா நின்றுவிட்டார். "என்ன பேர் சொன்னனி, ராசா?"

"அவ்ரோ."

அம்மா என்னைத்தான் பார்த்தார். "உதுவும் அவ்ரோவே?"

நான் ஓம் என்றேன். அம்மா விமானத்தின் திறந்திருந்த வயிற்றையும் கீழே வைத்திருந்த குண்டுகளையும் ஒருதரம் பார்த்தார். "நான் வெளியில இருக்கிறன். நீங்கள் ஆறுதலாப் பாத்திட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

"அப்பம்மாவுக்கு என்ன கோபமா?" என்று மகன் கேட்டான்.

"இல்லை அப்பன், கால் நோகுது போல" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யை நான் எப்படித் திருத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் விமானப் பைத்தியம் பிடித்த ஒரு பிள்ளையும், விமானச் சத்தம் கேட்டால் முகம் மாறும் ஒரு அம்மம்மாவோ தாத்தாவோ இருக்கக்கூடும்.

இது என்ன பைத்தியம்?

மகனுக்கு இது ஏழு வயதில் தொடங்கியது. முதலில் படம் கீறினான். பிறகு பிளாஸ்டிக் மாடல் ஒட்டினான். இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறான். அதில் நாலு நிரல்: விமானத்தின் வகை, இலக்கம், கண்ட இடம், திகதி. பிரிட்டிஷ் இராணுவ விமானம் ஒவ்வொன்றுக்கும் வாலுக்குக் கிட்ட ஓர் இலக்கம் எழுதியிருக்கும். ஆர்வலர்களுக்கு அந்த இலக்கம்தான் பெயர். ஹென்டனில் நிற்கும் வல்கன் எக்ஸ்எல் 318. சவுத்எண்டில் நிற்பது எக்ஸ்எல் 426. "வல்கன் பார்த்தேன்" என்று சொன்னால் காணாது, "எந்த வல்கன்?" என்று கேட்பார்கள்.

வல்கனைப் பற்றி ஒரு வார்த்தை. முக்கோணச் சிறகுடைய பெரிய ஜெட் விமானம். அதன் முன்மாதிரி முதல் பறந்தது 1952இல். அணுகுண்டு கொண்டுபோகக் கட்டினார்கள். நல்ல காலம், அந்த வேலைக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை. போரில் குண்டு போட்டது 1982இல் ஃபோக்லாந்து தீவுகளில் மட்டும். உள்ளே ஐந்து பேர் இருப்பார்கள், ஆனால் ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் ஆசனம் இரண்டு விமானிகளுக்கு மட்டும்தான். பின்னால் இருக்கும் மூன்று பேருக்கும் அது கிடையாது. இதை என் மகன் முதல்முதல் வாசித்த இரவு, "அது சரியில்லையே அப்பா" என்று படுக்கையில் எழும்பி இருந்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் இது பிடித்துப்போனது. நான் ஒரு மென்பொருள் பொறியியலாளர். பழைய சிஸ்டங்களை ஓடவைத்துக்கொண்டிருப்பதுதான் என் சம்பளத்தில் பாதி. அதனால் எக்ஸ்எச் 558 என்ற வல்கனின் கதை எனக்கு நன்றாக விளங்கியது. விமானப்படை கைவிட்ட அதை ஒரு அறக்கட்டளை வாங்கி, லொத்தர் நிதியையும் பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்துத் திருத்தி, 2007 ஒக்டோபரில் மறுபடி பறக்கவிட்டது. எட்டு வருடம் பறந்தது. 2015 ஒக்டோபர் 28 கடைசிப் பறப்பு. நிற்பாட்டியதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. "இந்த விமானம் பறக்கப் பாதுகாப்பானது" என்று பொறுப்பெடுக்க, அதைத் தெரிந்த நிறுவனங்கள் பின்னால் நிற்க வேண்டும். மூன்று நிறுவனங்கள் அப்படி நின்றன. ஆனால் அந்தப் பழைய தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, இனிமேல் பொறுப்பெடுக்க முடியாது என்று மூன்றும் விலகிக்கொண்டன. இயந்திரம் இருக்கிறது, அதை அறிந்த ஆட்கள் இல்லை. என் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் சாவு இதுதான்.

எனவே அருங்காட்சியகக் கொட்டகைகளில், தேநீர் ஃபிளாஸ்க்கோடு வந்து, எழுபது வயதில் ஏணியில் ஏறி ஆணி முடுக்கும் தொண்டர்களைக் கண்டால் எனக்கு மரியாதை வரும். அவர்கள் இரும்பை மட்டும் காப்பாற்றவில்லை, அதை எப்படிக் கையாள வேண்டும் என்ற அறிவையும் காப்பாற்றுகிறார்கள்.

ஒரு அண்ணனுக்காக வாங்கிய விமானம்

ஆனாலும் ஹென்டனில் அம்மா வெளியே நடந்து போனது மனதில் கிடந்து உறுத்தியது. குண்டு போடும் இயந்திரத்தை இப்படித் துடைத்துத் துடைத்து வைத்திருப்பது போரை விரும்புகிற வேலைதானா? என் பிள்ளையை நான் அதற்குப் பழக்குகிறேனா?

அந்தக் கேள்வியோடுதான் கோடை விடுமுறையில் லிங்கன்ஷயருக்குப் போனோம். நானும் மகனும் மட்டும். ஈஸ்ட் கேர்க்பி என்ற பழைய போர்க்கால விமானத்தளத்தில் "ஜஸ்ட் ஜேன்" என்ற லங்காஸ்டர் நிற்கிறது. அது பறப்பதில்லை. ஆனால் நாலு என்ஜினையும் போட்டு, தரையில் ஓட்டிக் காட்டுவார்கள்.

முதல் என்ஜின் இருமி, புகை கக்கிப் பிடித்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலும் சேர்ந்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்குள் கேட்டது. மகன் சிரித்துக்கொண்டே துள்ளினான். எனக்கு ஏனோ கைகள் குளிர்ந்துபோனது. புல்லில் நின்றுகொண்டு, ஓட வேண்டும்போல் இருந்தது. நான் மூன்று வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அந்த விமானம் அங்கே எப்படி வந்தது என்பதை அங்குதான் அறிந்தேன். பிரெட் பான்டன், ஹரோல்ட் பான்டன் என்ற இரண்டு சகோதரர்கள், அந்த ஊர் விவசாயிகள். அவர்களின் அண்ணன் கிறிஸ்டோபர் குண்டுவீச்சு விமானப் பொறியாளராக இருந்தவர். 1944 மார்ச் 30 இரவு நூரம்பேர்க் நகரைத் தாக்கப் போன விமானங்களில் 90க்கும் மேல் திரும்பி வரவில்லை. கிறிஸ்டோபரும் வரவில்லை. தம்பிமார் வளர்ந்து, உழைத்து, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு லங்காஸ்டரை வாங்கி, அண்ணனின் நினைவாக வைத்தார்கள். அண்ணன் பறந்தது உண்மையில் ஹலிஃபாக்ஸ் என்ற வேறு வகை விமானம். அதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாகப்படவில்லை.

நாங்கள் திவசத்துக்குப் படம் வைத்து விளக்கேற்றுகிறோம். அவர்கள் ஒரு விமானத்தை வைத்து என்ஜினைப் போடுகிறார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். அதில் இறந்தவர்கள் 55,573. பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல். அந்தக் கணக்குத் தெரிந்த பிறகு கொட்டகையில் நிற்கும் வயதானவர்களின் முகம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

கீழே இருந்தவர்கள்

ஆனால் அது மேலே இருந்தவர்களின் கணக்கு. கீழே?

அடுத்த நாள் லிங்கன் நகருக்கு வெளியே குன்றின்மேல் உள்ள குண்டுவீச்சுப் படை நினைவு மையத்துக்குப் போனோம். நடுவில் ஒரு கோபுரம். 31.09 மீட்டர் உயரம், அதாவது லங்காஸ்டரின் சிறகின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரையான நீளம். சுற்றிவர இரும்புச் சுவர்களில் 57 ஆயிரத்துக்கும் அதிகமான பெயர்கள். மகன் பான்டன் என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான்.

2018இல் திறந்த இந்த மையத்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. விமானத்தில் போனவர்களின் நினைவுகளோடு, குண்டு விழுந்த பக்கத்து மக்களின் சாட்சியங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1943 யூலையில் ஹம்பேர்க் எரிந்தபோது 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டனில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர். நாசிகளின் அரசைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை, நிலவறைக்குள் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க அவர்களுக்குத் துணிவு இருந்தது.

மகன் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. கார் நிறுத்துமிடத்தில்தான் கேட்டான்.

"அப்பா, எங்கட ஆக்களிலயும் இப்பிடிக் கீழ இருந்தவை இருக்கினமா?"

இந்த முறை நான் கால் நோவைப் பற்றிக் கதைக்கவில்லை. "ஓம். அப்பம்மா இருந்தவ. நானும் இருந்தனான். எனக்கு ரெண்டு வயசு" என்றேன்.

"அவ்ரோவா?"

"அப்பம்மாவைத்தான் கேக்க வேணும்."

அம்மா சொன்னது

அவன் கேட்பதற்கு முதல் நான் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஆர் கேட்டது, நான் சொல்லாமல் விட்டது?" என்றார்.

முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் உண்மையிலேயே கேட்டதில்லை.

அம்மா சொன்னவற்றில் ஒரு பகுதியைத்தான் எழுதுகிறேன். அப்பா 1989இலேயே லண்டனுக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் அம்மாவும் நானும் ஊரில், வலிகாமத்தில். பின்வளவில் "ட" வடிவத்தில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தது. சத்தம் கேட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், காதில் பஞ்சு வைத்து, வாய்க்குள் துணியை மடித்துக் கடிக்க வைப்பாராம். அதிர்வில் காது பறையாமல் இருக்க. நான் துணியைத் துப்பிவிட்டு அழுவேனாம்.

மகன் கொப்பியோடு வந்து இருந்தான். அவனுடைய முதல் கேள்வி, "அது அவ்ரோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பம்மா? இலக்கம் பாத்தீங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். "இலக்கம் பாக்க ஆர் வெளியில நிண்டது? சத்தம் ராசா, சத்தம். ஹெலி எண்டால் டப டப எண்டு வரும், உடன தெரியும். பொம்மர் எண்டால் திடீரெண்டு பதிஞ்சு வரும், ஓட நேரமிராது. அவ்ரோ தூரத்திலயே இரைஞ்சு கொண்டு வரும். ஆறுதலாச் சுத்தும். அதுதான் கூடப் பயம். எப்ப போடுவான் எண்டு தெரியாது."

"எத்தனை என்ஜின்?"

"ரெண்டு. சிறகில விசிறி."

மகன் என்னைப் பார்த்தான். சரியாக இருந்தது. அம்மா சொன்ன அவ்ரோ என்பது அவ்ரோ 748. மான்செஸ்டரில் ஏ.வி. ரோ தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்தான் அவ்ரோ. லங்காஸ்டர், வல்கன், 748 எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். 748 முதல் பறந்தது 1960 யூன் 24, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் வூட்ஃபோர்டில். அது குண்டு போடக் கட்டிய விமானமே இல்லை. சின்ன ஓடுபாதைகளில் இறங்கக்கூடிய பயணிகள் விமானம். இந்தியாவிலும் உரிமம் பெற்றுக் கான்பூரில் கட்டினார்கள். தமிழ்நாட்டு நண்பர்களைக் கேட்டால், அவர்களின் தாத்தாக்கள் அவ்ரோவில் ஏறி மதுரைக்கோ திருச்சிக்கோ போன கதை சொல்லக்கூடும். இலங்கை உள்நாட்டுப் போரில்தான் அது பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிடவும் பயன்பட்டது. வூட்ஃபோர்டில் ஆணி அடித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

அன்றிரவு நான் வேறொன்றையும் வாசித்தேன். விமானங்களை அடையாளம் கண்டு குறித்துக்கொள்ளும் இந்தப் பொழுதுபோக்கு பிரிட்டனில் பெரிதாகப் பரவியது போர்க்காலத்தில். தலைக்குமேல் போவது எதிரியா நம்முடையதா என்று சொல்ல ஆயிரக்கணக்கான தொண்டர்கள் காவல் இருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட விமானங்களின் நிழல் வடிவங்களைப் பாடமாக்கினார்கள். 1941இல் "தி ஏரோபிளேன் ஸ்பொட்டர்" என்று இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. போர் முடிந்தது, பயம் போனது, பழக்கம் நின்றது. அந்தப் பிள்ளைகளும் அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களும்தான் பின்னர் வேலியோரம் கொப்பியோடு நின்றார்கள்.

அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் முதல் விமான நோக்கர் என் மகன் இல்லை. அம்மாதான். கண்ணை மூடிக்கொண்டு, பங்கருக்குள் இருந்தபடி, சத்தத்தால் வகை பிரித்தவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

கூட்டிப் போகிறீர்களா?

பிள்ளை கேட்டால் கூட்டிப் போங்கள். ஹென்டனும், மேற்கு மத்திய இங்கிலாந்தில் உள்ள கொஸ்ஃபோர்டும் இலவசம். வல்கன், விக்டர், வேலியன்ட் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கக் கொஸ்ஃபோர்டுக்குத்தான் போக வேண்டும். டக்ஸ்ஃபோர்டுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு நாள் காணாது. கனடாவில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: உலகில் இன்று பறக்கக்கூடிய லங்காஸ்டர்கள் இரண்டே இரண்டுதான், அதில் ஒன்று ஒன்டாரியோவின் ஹமில்டனில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பேர்த்திலும் ஒரு லங்காஸ்டர் உண்டு.

அனுபவத்தில் கற்ற மூன்று விஷயங்கள். தாத்தா பாட்டியைக் கூட்டிப் போவதென்றால் எங்கே போகிறோம், அங்கே என்ன நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நான் "மியூசியம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனது பிழை. இரண்டாவது, என்ஜின் போடும் நாளில் அவர்களைக் கூட்டிப் போக வேண்டாம், அவர்களே கேட்டாலொழிய. மூன்றாவது, பிள்ளை வேகத்தையும் உயரத்தையும் கேட்கும்போது அதைச் சொல்லுங்கள், பிறகு "இது எங்கே போனது, அங்கே யார் இருந்தார்கள்?" என்று நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம். அந்த ஒரு கேள்வி போதும், மிச்சத்தைப் பிள்ளையே கேட்கும்.

என் மகனுக்கு விமானப் பைத்தியம் தெளியவில்லை. தெளிய வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை. அம்மா இன்னும் ஹென்டனுக்கு வருவதில்லை. ஆனால் வல்கன் மாடலுக்கு மை பூசும்போது மேசைக்கு வந்து பக்கத்தில் இருப்பார். "உதில பின்னால இருக்கிற மூண்டு பேரும் பாவம்" என்பார்.

கொப்பியில் ஒரு புதிய வரி இருக்கிறது. பிள்ளையின் கையெழுத்து, தமிழில்.

வகை: அவ்ரோ 748. இலக்கம்: தெரியாது. இடம்: எங்கட ஊர். திகதி: 1990. பக்கத்தில், இல்லாத ஐந்தாவது நிரலை அவனே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறான். கண்டவர்: அப்பம்மா, சத்தத்தால்.